டைனமோ மாமி செய்த கலியாணக் கேக்

உலகத்தில் அதிகம் சமைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சமைத்ததில் ஆகக் குறைவாக மற்றவர் வாய்க்குள் போனது யாருடைய சமையல் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன். கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் இருந்த டைனமோ மாமியின் சமையல்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருடைய கணவரே எங்களிடம் "உங்கடை மாமி" என்றுதான் சொல்லுவார்.

பெயர் வந்த கதை பெரிதல்ல. தொண்ணூறுக்குப் பிறகு எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. றேடியோவுக்குப் போடும் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அதற்காக யாழ்ப்பாணத்தான் செய்தி கேட்காமல் இருப்பானா? சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, றேடியோவில் கொடுத்தோம். ஒருவர் ஏறியிருந்து பெடலை உழக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். இப்படி எங்கள் ஒழுங்கையெல்லாம் செய்தி கேட்டபோது மாமி மட்டும் சமையல் குறிப்புக் கேட்டார்.

உழக்கியவர் மாமா. அவர் ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றதோடு அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாமி வேலை கொடுத்தார். தொடக்கத்தில் மாமாவின் வண்டி நல்ல வேகத்தில்தான் புறப்படும். "அன்பான நேயர்களே" என்பது கணீரென்று கேட்கும். நாலு நிமிடம் போனதும் மாமாவின் முழங்கால் சிவப்பு விளக்குக் காட்டிவிடும். றேடியோவின் குரல் தேய்ந்து, முனகி, அடங்கிப்போகும்.

"இஞ்சருங்கோ, உழக்குங்கோ. றேடியோ மனிசி வெங்காயத்தை வதக்கிக்கொண்டு நிக்கிறா."

"நானும் வதங்கிக்கொண்டுதானப்பா இருக்கிறன்."

மாமா மூச்சுப் பிடித்து மறுபடி வேகம் எடுப்பதற்குள் றேடியோ அம்மா நாலு சாமானைப் போட்டுக் கிளறி, இறக்கி வைத்து, "ஆறியதும் பரிமாறவும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இடையில் என்ன நடந்தது என்பது கடவுளுக்கும் அந்த அம்மாவுக்கும்தான் தெரியும். மாமி அதற்கெல்லாம் கலங்குகிற ஆள் அல்ல. விட்டுப்போன இடத்தைத் தன் மூளையால் நிரப்புவார். அந்த மூளைக்கு எல்லையே கிடையாது.

மீன் கட்லட் செய்த கதையைச் சொல்ல வேண்டும். கிழங்கை மசிப்பது வரை றேடியோ கேட்டது. பிறகு மாமாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மறுபடி குரல் வந்தபோது "நல்ல வெயிலில் மூன்று நாள் காயவிடவும்" என்று கேட்டது. இடையில் கட்லட் முடிந்து, மோர்மிளகாய் தொடங்கியிருக்கும் என்பது எங்களுக்கெல்லாம் விளங்கியது. மாமிக்கு விளங்கவில்லை. கட்லட்டை உருட்டிப் பாயில் பரப்பி, காகம் வராமல் மாமாவைத் தடியோடு காவலுக்கு இருத்தி, மூன்று நாள் காயவைத்தார். ஒழுங்கையில் வீட்டுக்கு நாலாகப் பங்கிட்டுக் கொடுத்தார். என் தம்பி அதை எறிந்து மாங்காய் விழுத்தினான். ஒரு கட்லட்டுக்கு மூன்று மாங்காய் விழுந்தது. விழுந்த மாங்காய்க்குக் காயம் பட்டது, கட்லட்டுக்குப் படவில்லை.

சமையலோடு நின்றாரா என்றால், இல்லை. குசினிக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் மாமி கையில் பரிசோதனைக்குள்ளாகாமல் தப்பாது. முன்பு ஒருகாலத்தில் சோயா மீற் பெட்டி கடைக்கு வந்தபோது, அதை ஆட்டிறைச்சி என்று சொல்லிச் சைவக்காரரான என் அப்பாவுக்கே கொடுத்துப் பார்த்தார். "சைவம் எண்டு சொன்னால் ருசி பாக்கமாட்டியள், அதுதான் இறைச்சி எண்டனான்" என்று விளக்கம் வேறு. அப்பா தொடவே இல்லை. கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் புதுச் சாமான் வரத்து நின்றதும், மாமி தானே சாமான் கண்டுபிடிக்கத் தொடங்கினார். தேங்காய் துருவுகிற திருவலையின் நாக்கை மாமாவின் சைக்கிள் பின் சில்லோடு சேர்த்துக் கட்டினார். மாமா உழக்கினால் ஒரே நேரத்தில் றேடியோவும் பாடும், தேங்காயும் துருவப்படும் என்பது திட்டம். துருவப்பட்டது உண்மைதான். ஆனால் தட்டில் விழவில்லை. வேலிக்கு மேலால் பறந்து, லீலாக்கா கொடியில் காயப்போட்டிருந்த வேட்டி சால்வையிலெல்லாம் பூச்சொரிந்தது. லீலாக்கா வேட்டியை உதறி, தேங்காய்ப்பூவைச் சேர்த்தெடுத்துப் பகல் சாப்பாட்டுக்குச் சம்பல் அரைத்தார். மாமியால் தனக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அது என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த லீலாக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஒழுங்கையின் கைப்பக்குவத்துக்கு அவர்தான் நீதவான். அவர் ஒரு கறியை நாக்கில் தொட்டு "பறவாயில்லை" என்று சொன்னால் சமைத்தவள் ஒரு கிழமைக்கு நிமிர்ந்து நடப்பாள். அதற்கும் மேலே ஒரு பட்டம் உண்டு. "உதை எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று அவர் செய்முறை கேட்டுவிட்டால், அவ்வளவுதான், சமைத்தவளுக்கு வேறு பொன்னாடை தேவையில்லை.

டைனமோ மாமியிடம் லீலாக்கா மட்டுமல்ல, ஒருவருமே செய்முறை கேட்டதில்லை. மாமிக்கு அது ஒரு தீராத குறை. தட்டை நீட்டிவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"உப்புக் காணுமோ?"

"காணும் மாமி."

"எப்பிடிச் செய்தது எண்டு சொல்லட்டே?"

"இன்னொரு நாளைக்குச் சொல்லுங்கோ மாமி. அடுப்பிலை உலை வைச்சிட்டு வந்தனான்."

மாமியின் முகம் ஒரு கணம் சுருங்கும். பிறகு பழையபடி விரியும். அந்த ஒரு கணத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் நாமும் வயிறும் குடலுமாக வாழவேண்டியவர்கள் அல்லவா? அதனால் எங்கள் ஒழுங்கையில் பக்தி பெருகியது. மாமி தட்டோடு படலையைத் திறக்கும் நாளெல்லாம் யாராவது ஒருவருக்கு விரதம். வெள்ளி, சட்டி, சதுர்த்தி, ஏகாதசி என்று பஞ்சாங்கத்தில் இருந்த விரதமெல்லாம் தீர்ந்துபோய், ஒழுங்கை முனையிலிருந்த மெதடிஸ்த வாத்தியார் ஒருநாள் பதற்றத்தில் "இண்டைக்குக் கந்தசட்டி, மாமி" என்று சொன்னார். மாமி அவருக்குத் திருநீறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படியிருக்கத்தான் எனக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை கரவெட்டி. வடமராட்சிச் சம்பந்தம் என்றதும் அம்மாவுக்குக் கலக்கம் பிடித்தது. அவர்கள் பந்தியில் கை வைக்கும்போதே பருப்பில் எத்தனை உள்ளி என்று எண்ணிவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலும் பெரிய தலையிடி கேக். கலியாணத்துக்கு வந்தவர்களுக்கு றிச் கேக்கை விரலளவு துண்டாக வெட்டி, ஒயில் பேப்பரில் சுற்றிக் கொடுக்காவிட்டால் எங்கள் ஊரில் தாலி கட்டினாலும் அது அரைக் கலியாணம்தான். ஊரில் வழக்கமாகக் கேக் போடுகிற மனுசி கொழும்புக்குப் போய்விட்டார். சீனியும் மாஜரீனும் முந்திரிகைவத்தலும் அம்மா மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தவை. பழுதானால் மறுபடி வாங்கக் கடையில் சாமான் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் கேட்டிருக்கிறது. மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, யோசியாதை. பிள்ளையின்ரை கேக்கை நான் போடுறன்."

அம்மா பிடித்திருந்த தூணை விடவில்லை. கலியாண வீட்டில் கைகொடுக்க வந்தவரை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் மங்கலக் குறைவு. அம்மா என்னைப் பார்த்தார். நான் பிள்ளையார் படத்தைப் பார்த்தேன்.

"சரி அக்கா," என்றார் அம்மா. குரல் றேடியோவைப் போலத் தேய்ந்து வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் கண்ட மாமி வேறு ஆள். வழக்கமான துணிச்சலைக் காணவில்லை. அடுத்த கிழமை றேடியோவில் கேக் செய்முறை வரும் என்று அறிவித்திருந்தார்கள். மாமாவுக்கு முட்டைக்கோப்பி கொடுத்து, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து, சைக்கிள் செயினுக்கு மிச்ச எண்ணெயைத் தேய்த்தார். அன்று மாமா உழக்கிய உழக்கில் சைக்கிள் ஸ்ராண்டில் நின்றிருக்காவிட்டால் பருத்தித்துறைக்குப் போயிருக்கும். றவை, சீனி, மாஜரீன் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "இனி முட்டை" என்று றேடியோ அம்மா தொடங்கியதும் செயின் கழன்றது.

வேறு நாளென்றால் மாமி தன் மூளையால் நிரப்பியிருப்பார். அன்று அப்படியே குந்திவிட்டார்.

"பிள்ளையின்ரை கலியாணம். இதிலை நான் விளையாடக்கூடாது," என்றார்.

மறுநாள் காலை வெளிக்கிட்டார். அந்த நிகழ்ச்சியை டைனமோவில் கேட்டவர்கள் யார் யார் என்று அயலூரெல்லாம் விசாரித்து வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் றேடியோ எங்காவது ஒரு இடத்தில் நின்றுதான் இருந்தது. ஆனால் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒரு வீட்டில் முட்டை அடிப்பது கிடைத்தது. கராம்பு, ஏலம் போடுவது விட்டுப்போயிருந்தது. இன்னொரு வீட்டில் கராம்பு கிடைத்தது; முட்டை போயிருந்தது. இணுவிலுக்கு நடந்துபோய் கேக்குக்குள் சேர்க்கிற நீற்றுப்பூசணி அல்வாப் பகுதியைப் பிடித்தார். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர் கடைசிப் பகுதி முழுவதையும் மனப்பாடமாக ஒப்புவித்தார். "பிறகு அடித்தண்டைச் சுத்திச் சாம்பல் போட்டு, நாலு நாளைக்கு ஒருக்கால் தண்ணி விடவும்."

திரும்பி வந்து மாமி இதை எங்களுக்குச் சொன்னபோது அம்மாவுக்கு வியர்த்தது.

"அக்கா, அது தோட்டக்காரருக்குச் சொல்லுற நிகழ்ச்சி."

"எனக்குத் தெரியாதே, விசரி? அது கேக்குக்கு இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எண்டாலும் ஒருக்கால் போட்டுப் பாத்தனான். சரிவராது," என்றார்.

ஆம், பரிசோதனை தொடங்கிவிட்டது. அம்மாவின் சீனியைத் தொடமாட்டேன், சரிவந்த பிறகுதான் அதை எடுப்பேன் என்று மாமி சொல்லிவிட்டார். தன் வீட்டுச் சீனியிலும் பனங்கட்டியிலும் சின்னச் சின்னக் கேக்காகப் போட்டுப் பார்த்தார். கேக் வேகவைக்கப் போறணை ஏது? பெரிய கிடாரத்தில் மணல் பரப்பி, கீழே நெருப்பு, மேல் மூடியில் தணல். முதல் கேக்கை வெட்டக் கத்தி போதாமல் மாமா மரம் அரிகிற வாளை எடுத்தார். இரண்டாவதை ஊற்றிக் குடிக்கலாம். மூன்றாவது பார்வைக்கு நன்றாக இருந்தது, ஆனால் மண்ணெண்ணெய்ப் பரலுக்குப் பக்கத்தில் ஆறவைத்ததால் ஒரு துண்டு போட்டால் மோட்டார் சைக்கிள் ஓடும்.

கேக் கெடாமல் இருக்கப் பிராந்தி விட வேண்டும் என்று இணுவில் பகுதி சொன்னது. பிராந்திக்கு எங்கே போவது? மாமி வீடெல்லாம் தேடி, மாமாவின் பழைய தொப்பிப் பெட்டிக்குள் ஒரு பனஞ்சாராயப் போத்தலைக் கண்டெடுத்தார்.

"இதென்ன இது?"

"உடம்பு நோவுக்குப் பூசுறதப்பா."

"பாதிக்கு மேலை பூசியிருக்கிறியள். நோவு உள்ளுக்கை போலை."

மிச்சம் முழுவதும் என் கேக்குக்குள் போனது. மாமா படலையடியில் நின்று, பெண் கொடுத்த தகப்பனைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சரிவந்தது. மாமி சொன்னார், சரிவந்தது என்று. கலியாண நாள் காலையில் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒயில் பேப்பரில் சுற்றி, சிவப்பு நூலால் தானே முடிச்சுப் போட்டு, தட்டில் அடுக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். புதுச்சேலை. தலையில் பூ. சனம் தாலியைப் பார்த்தது. மாமி சனத்தின் வாயைப் பார்த்தார்.

ஒரு வாயும் திறக்கவில்லை. கேக் போட்டது யார் என்ற செய்தி ஒழுங்கையிலிருந்து பந்தலுக்கும், பந்தலிலிருந்து கரவெட்டிப் பஸ்ஸுக்கும் பரவிவிட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டு வாங்கி, கைப்பைக்குள் பக்குவமாக வைத்தார்கள். என் துண்டை அம்மா வாங்கி அலுமாரிக்குள் பூட்டினார். "கலியாணப் பொம்பிளைக்கு வயித்தாலை போகக்கூடாது," என்று என் காதில் சொன்னார். மறுநாள் மாமி வீடு வீடாகப் போய்க் கேட்டார். "நல்லாயிருந்தது மாமி" என்று எல்லா வீட்டிலும் ஒரே சுருதியில் பதில் வந்தது. செய்முறையை யாரும் கேட்கவில்லை. மாமியின் முகம் சுருங்கியது. இம்முறை அது விரிய வழக்கத்தைவிட நேரமெடுத்தது.

கட்லட்டைப்போல எறிந்து மாங்காய் விழுத்தக் கலியாணக் கேக்கால் முடியாது. கோழிக்குப் போட்டாலும் தம்பதிக்குக் குறை வரும். ஆகவே கேக் பொட்டலங்கள் எங்கள் ஒழுங்கையின் அலுமாரிகளிலும் பரண்களிலும் சிவப்பு நூலோடு அப்படியே கிடந்தன.

அந்த வருசம், தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஒருநாள் பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, ஆமி நெருங்கிவிட்டதென்று எல்லாரையும் உடனே தென்மராட்சிப் பக்கம் போகச் சொன்னது. எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் எழும்பி ஒரே றோட்டில் இறங்கியது. கலியாணத்துக்குப் பிறகும் அம்மா வீட்டிலேயே இருந்த நாங்களும் கையில் அகப்பட்டதை எடுத்தோம். சமைக்க நேரமில்லை, சமைக்காமல் தின்னக்கூடியது என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கை துழாவியபோது, எல்லாக் கைக்கும் ஒரே சாமான்தான் அகப்பட்டிருக்கிறது. மாமா சைக்கிளில் நகைநட்டுப் பெட்டியை ஏற்றுவார் என்று பார்த்தால், மாமி அந்தக் கிடாரத்தை ஏற்றிக் கட்டியிருந்தார்.

விடிந்தபோது செம்மணி வெளியில் நின்றோம். மழை. முன்னாலும் சனம், பின்னாலும் சனம், ஒரு அடி வைத்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. லீலாக்காதான் முதலில் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நூலை அவிழ்த்தார். பேரப்பிள்ளைக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தன் வாயில் போட்டார். பிறகு அசையாமல் நின்றார்.

அதைப் பார்த்து எங்கள் ஒழுங்கை முழுவதும் பையைத் திறந்தது. எங்கே பார்த்தாலும் ஒயில் பேப்பர், சிவப்பு நூல். நானும் என் துண்டை வாயில் வைத்தேன். பூசணி அல்வா கண்ணாடியாகக் கரைந்தது. இரண்டு மாதம் ஊறிய பனஞ்சாராயம், ஏலமும் கராம்பும் சேர்ந்து, மழைக் குளிருக்குள் நெஞ்சுவரை சூடாக இறங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் கேக் தின்றுவிட்டேன். அப்படி ஒன்றைத் தின்றதில்லை.

மாமி அவிழ்கிற முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் போட்ட முடிச்சுகள்தானே?

"அப்ப அண்டைக்கு நல்லாயிருந்தது எண்டு சொன்னியள்?"

மெதடிஸ்த வாத்தியார் குடைக்குள் ஒளிந்தார். லீலாக்கா வாயைத் துடைத்தார்.

"அண்டைக்கு வாசம் நல்லாயிருந்தது மாமி. இண்டைக்குத்தான் ருசி தெரியுது." பிறகு, ஒரு அடி கிட்ட வந்து, "மாமி, உதை எப்பிடிச் செய்தனீங்கள்?" என்றார்.

மாமி மாமாவைப் பார்த்தார். மாமா சைக்கிளைப் பார்த்தார். மாமி மூக்கைச் சீறிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"முதலிலை றவை. வறுக்கக்கூடாது. சூடு காட்டோணும். மாஜரீனைப் போட்டு ஒரு இரவு ஊறவிடோணும்."

சனம் நகர்ந்தது; மாமியும் நகர்ந்துகொண்டே சொன்னார். சீனிக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் ஆடு பிடித்துக்கொண்டு போன யாரோ ஒரு மனுசி திரும்பி, "அதுக்கு எத்தினை முட்டை, அக்கா?" என்று கேட்டார். மாமி சொன்னார். பண்டத்தரிப்பிலிருந்து வந்த இன்னொருத்தி, எங்கள் பக்கம் அவ்வளவு விடமாட்டோம், கவிச்சை அடிக்கும் என்றார். மாட்டுவண்டில் மேலிருந்து ஒரு குரல், வெள்ளைக்கருவைத் தனியாக அடித்தால் அடிக்காது என்றது. மழை கொட்டியது. கிடாரத்தில் நிறைந்த மழைத்தண்ணியைப் பிள்ளைகள் மொண்டு குடித்தார்கள். நாவற்குழிப் பாலத்துக்கு மேல் ஊர் ஊரான பெண்கள் முட்டைக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நடுவில் மாமி கையை வீசி வீசி, இல்லாத சட்டியில் இல்லாத கேக்கை அடித்துக்கொண்டு போனார்.

அந்தப் பாலத்தை எப்போது கடந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கைதடியில் மாமி கேக்கை இறக்கி ஆறவைத்து, செய்முறையை முடித்தார். முடித்ததும் எல்லாரும் பேசாமல் போனார்கள். அப்போதுதான் வீடும் கிணறும் பூட்டாமல் விட்ட படலையும் ஒன்றாக நினைவுக்கு வந்து, என் கால் நின்றுவிட்டது. அந்த மனுசியில் எனக்கு எவ்வளவு பட்சம் என்பதும் அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் மாமியின் கையைப் பிடித்தேன்.

"மாமி, முட்டைக்குப் பிறகு என்ன எண்டனீங்கள்? விட்டிட்டன். முதலிலையிருந்து சொல்லுங்கோ."

நான் ஒன்றையும் விடவில்லை.